சொன்னால் என்ன ஆகும்?

பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, எப்படியோ காப்பாற்றப்பட்டு, அரசு மருத்துவமனை வார்டில் படுத்திருக்கிறது. வெளியே வராந்தாவில் நிற்கும் பெற்றோர் அநேகமாக ஒரே வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: “எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!” அந்தக் குரலில் துளியும் பொய் இல்லை. சொல்லியிருந்தால் நகையை அடகு வைத்தாவது, யார் காலில் விழுந்தாவது பிள்ளையை மீட்டிருப்பார்கள். ஆனால், அந்தக் கேள்வியைப் பிள்ளை படுத்திருக்கும் பக்கத்திலிருந்தும் கேட்டுப் பார்க்க வேண்டும். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கணக்கில் தோற்றதை, வகுப்பில் ஒருவன் தன் படத்தை வைத்துக்கொண்டு மிரட்டுவதை, ராத்திரி தூக்கம் வராமல் நெஞ்சு படபடப்பதை, ஒருவரைப் பிடித்துப்போனதை அந்தப் பிள்ளை இதற்குமுன் வீட்டில் சொல்ல முயன்றிருக்குமா? முயன்றிருந்தால், அன்றைக்கு அந்த வீட்டில் என்ன நடந்தது?

வளரிளம் பருவத்தினரின் மனநலம் குறித்துப் பேசும்போது செல்போன், நீட், சமூக ஊடகம், சகவாசம் என்று வெளியே உள்ள காரணங்களைத்தான் முதலில் அடுக்குகிறோம். அவை எல்லாமே உண்மையான நெருக்கடிகள். ஆனால், அந்த நெருக்கடியோடு வீட்டுக்குள் நுழையும் பிள்ளை உண்மையைச் சொல்வதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அந்த விலை அதிகமாக இருக்கும் வீட்டில், அன்புக்குக் குறைவே இல்லாவிட்டாலும், பிள்ளை தனியாகத்தான் இருக்கிறது.

எண்கள் காட்டும் திசை

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி 2022இல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். இந்த எண் வெளிவரும்போதெல்லாம் தேர்வு பற்றித்தான் விவாதம் எழுகிறது. எழ வேண்டியதுதான். ஆனால் அதே அறிக்கையில், 18 வயதுக்கு உட்பட்டோரின் தற்கொலைக்குக் காவல் துறை பதிவு செய்யும் காரணங்களில் முதலிடத்தில் இருப்பது தேர்வுத் தோல்வி அல்ல, ‘குடும்பப் பிரச்சினைகள்’. காவல் நிலைய எழுத்தர் நிரப்பும் அந்தக் கட்டத்தை வைத்துப் பெரிய முடிவுகளுக்குப் போய்விடக் கூடாது என்பது உண்மையே. எந்தத் தற்கொலைக்கும் ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. பிள்ளையை இழந்து நிற்கும் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதைவிடக் கொடுமையும் வேறில்லை. ஆனாலும், ஆண்டுக்கு ஆண்டு அதே கட்டம் முதலிடத்தில் வந்து நிற்கும்போது அதைக் கடந்துபோய்விடவும் முடியாது.

பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயது வரையிலானவர்களில் 7.3% பேருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாகக் கண்டது. நாற்பது பேர் உட்காரும் ஒரு பத்தாம் வகுப்பில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மூன்று பேரில் எத்தனை பேரின் வீட்டுக்கு இது தெரியும்? யுனிசெஃப் 2021இல் வெளியிட்ட உலகக் குழந்தைகள் நிலை அறிக்கை இதற்கு மறைமுகமாக ஒரு பதில் தருகிறது. மனநலப் பிரச்சினை இருந்தால் பிறரிடம் உதவி கேட்பது நல்லது என்று நினைக்கிறீர்களா என 21 நாடுகளில் 15 முதல் 24 வயதுவரை உள்ளவர்களிடம் கேட்டார்கள். சராசரியாக 83% பேர் ஆம் என்றார்கள். இந்தியாவில் அப்படிச் சொன்னவர்கள் 41% மட்டுமே. மனதில் உள்ளதை வெளியே சொல்வது நல்லதல்ல என்று நம் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் எங்கோ கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பாடப்புத்தகம் கற்றுத் தரவில்லை.

ஸ்வீடனில் ஓர் ஆய்வு நடந்தது. பதின்ம வயதுப் பிள்ளை எங்கே போகிறது, யாரோடு பழகுகிறது என்பதை அறிந்து வைத்திருக்கும் பெற்றோரின் பிள்ளைகள் பெரும்பாலும் நன்றாக இருக்கிறார்கள் என்பது முன்பே தெரிந்த விஷயம். ஆகவே, கண்காணிப்புதான் மருந்து என்று ஆய்வாளர்களே நம்பிவந்தார்கள். மார்கரெட் கெர், ஹோகன் ஸ்டாட்டின் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு படி மேலே போய், அந்தப் பெற்றோருக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறது என்று கேட்டார்கள். 14 வயதுப் பிள்ளைகளிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் விசாரித்து 2000இல் வெளியிட்ட ஆய்வில் கிடைத்த பதில் எளிமையானது: பிள்ளைகள் தாங்களாகவே வந்து சொல்கிறார்கள்; அதனால் பெற்றோருக்குத் தெரிகிறது. துருவித் துருவிக் கேட்டும், கட்டுப்பாடு போட்டும் பெற்றோர் அறிந்துகொள்வது அதோடு ஒப்பிட்டால் சொற்பம். கால் நூற்றாண்டு கழித்து, பிள்ளையின் செல்போனில் லொகேஷனை ஆன் செய்து வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் நமக்கு இந்த ஆய்வு அப்படியே பொருந்தும். பையன் டியூஷன் சென்டரில் இருக்கிறான் என்று அந்தப் புள்ளி காட்டும். அங்கே உட்கார்ந்து அவன் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பதை அவன்தான் சொல்ல வேண்டும்.

வாய் எப்போது மூடிக்கொள்கிறது?

ஐந்து வயதில் பள்ளிவிட்டு வரும் குழந்தை வாசற்படி ஏறுவதற்குள் பத்துக் கதை சொல்லிவிடும். அதே பிள்ளை பதினான்கு வயதில் “என்னடா ஆச்சு?” என்றால் “ஒண்ணுமில்ல” என்கிறது. இதில் ஒரு பகுதி இயற்கை. தனக்கென ஓர் இடம் தேடுவது அந்த வயதின் வேலை; அதை எந்தப் பெற்றோரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. இன்னொரு பகுதி நாம் சேர்த்துவைத்தது.

திட்டு, அடி, ஒப்பீடு ஆகியவற்றைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. “உங்க சித்தி பொண்ணைப் பாரு” என்ற வாக்கியம் எத்தனை பிள்ளைகளை ஊமையாக்கியிருக்கும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, ரகசியம் காக்காத வீடு. பெண் ஒரு நாள் சாயங்காலம் அம்மாவின் மடியில் படுத்துக்கொண்டு, “எனக்கு கிளாஸ்ல யாருமே ஃப்ரெண்டு இல்லம்மா, தனியாத்தான் சாப்பிடுறேன்” என்று அழுதுவிடுகிறாள். அம்மாவுக்கு மனது கேட்கவில்லை. அன்று ராத்திரியே ஊரில் இருக்கும் அக்காவுக்கு போன். ஞாயிற்றுக்கிழமை ஒரு காதுகுத்து விழாவில் பெரியம்மா எல்லார் முன்னாலும் கன்னத்தைத் தட்டி, “என்னடி, உனக்கு ஃப்ரெண்ட்ஸே இல்லையாமே? நல்லாச் சிரிச்சுப் பேசிப் பழகணும்” என்கிறார். பெரியம்மாவுக்கும் பாசம்தான்; அம்மாவுக்கும் பாசம்தான். ஆனால் அந்தப் பெண் அன்றைக்கு ஒன்றைத் தெரிந்துகொண்டாள். அம்மாவிடம் சொன்னால் சொந்தபந்தம் முழுவதற்கும் சொன்ன மாதிரி. அடுத்த முறை இதைவிடப் பெரிய விஷயம் வரும். அப்போது அவள் மடியில் வந்து படுக்க மாட்டாள்.

இரண்டாவது, சொன்னதற்காகவே தண்டிக்கப்படுவது. இது பெண் பிள்ளைகளுக்குத்தான் கூடுதலாக நடக்கிறது. பேருந்தில் ஒருவன் உரசினான், பின்னாலேயே வந்தான் என்று சொல்கிறாள். மறுநாளிலிருந்து பேருந்து நிறுத்தம், டியூஷன் நிறுத்தம், கபடி பயிற்சி நிறுத்தம். தவறு செய்தவன் அதே பேருந்தில் போய்க்கொண்டிருக்கிறான். இவளுடைய உலகம் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே சுருங்கிவிடுகிறது. செல்போனில் யாரோ ஆபாசமாகச் செய்தி அனுப்பினால் பறிபோவது இவளுடைய போன்தான். காதல் என்று தெரிந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். படிப்பு நிற்கும், அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்க்கப்படும், சாதி குறுக்கே வந்தால் உயிருக்கே உத்தரவாதமில்லை. 18 வயதுக்கு உட்பட்டவர்களின் காதல், பெற்றோரின் ஒரு புகாரில் போக்சோ வழக்காக மாறிவிடுகிறது. குழந்தைகளைப் பாலியல் வன்முறையிலிருந்து காக்க 2012இல் கொண்டுவரப்பட்ட அந்தச் சட்டம், வயதுக்கே உரிய ஈர்ப்பில் இருக்கும் இளையோரைக் குற்றவாளிகளாக்குவதற்கு அல்ல என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் ஒரு தீர்ப்பில் சொல்ல வேண்டியிருந்தது. இத்தனையும் பார்த்து வளரும் ஒரு பதினாறு வயதுப் பெண், தன்னை ஒருவன் மிரட்டுகிறான் என்பதை வீட்டில் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! மிரட்டுபவனுக்கு அவளுடைய அப்பா மேல் அவளுக்கிருக்கும் பயம்தான் ஆயுதம். “உங்க வீட்ல சொல்லிடுவேன்” என்ற ஒற்றை வாக்கியத்தில்தான் அவன் பிழைப்பே ஓடுகிறது. ‘சொல்லிக்கோ, எங்கப்பாவுக்கு ஏற்கெனவே தெரியும்’ என்று சொல்ல முடிகிற பெண்ணிடம் அவன் என்ன செய்ய முடியும்?

ஆண் பிள்ளைகளின் ஊமைத்தனம் வேறு வகை. “பொம்பளப் புள்ள மாதிரி அழாதே” என்று நான்கு வயதிலேயே சொல்லிவிடுகிறோம். பத்து வருடம் கழித்து அவனுடைய துக்கம் கோபமாக வெளியே வருகிறது. கதவைச் சாத்துகிறான், தட்டைத் தள்ளுகிறான், தங்கையிடம் எரிந்து விழுகிறான். பெரியவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் சோகமாகத் தெரியும். பதின்ம வயதில் அது பெரும்பாலும் எரிச்சலாகவே தெரியும் என்பதை மனநல மருத்துவர்கள் ஓயாமல் சொல்கிறார்கள். வீட்டில் அதற்குப் பெயர் ‘திமிர்’. சில பிள்ளைகளுக்கு அதுவும் இல்லாமல் உடம்பு பேசும். திங்கட்கிழமை காலை வயிற்றுவலி, தலைவலி, வாந்தி. ஸ்கேன் எடுத்து, கேஸ் ட்ரபிள் என்று மாத்திரை வாங்கி, பூசாரியிடம் மந்திரித்து, கடைசியில் “ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறான்” என்று முடிவுகட்டுகிறோம். அவன் நடிக்கவில்லை. அந்த வயிறு உண்மையாகவே வலிக்கிறது.

ஒரு பெற்றோர் கூட்டம்

டெல்டா பக்கத்தில் ஓர் ஊர். அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில் பெற்றோர் - ஆசிரியர் கூட்டம். பத்தாம் வகுப்பு அறையில் பெஞ்சுகளை ஓரமாக ஒதுக்கி நடுவில் ஒரு மேசை. வரிசையாக அம்மாக்கள், அப்பாக்கள் இரண்டு மூன்று பேர்தான். பக்கத்தில் தலைகுனிந்தபடி பிள்ளைகள். ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண், அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தவர், கடையின் சீருடைப் புடவையிலேயே நின்றிருந்தார். மகள் காலாண்டில் கணக்கில் 78. அதற்குப் பின் வந்த தேர்வில் 51. ஆசிரியை அதைச் சொன்னதும் அம்மா மகளின் முழங்கையைக் கிள்ளினார். “வீட்ல ஃபோனைத்தான் டீச்சர் நோண்டிக்கிட்டு இருக்கா. கேட்டா வாயே திறக்கிறதில்லை.” பெண் சுவரில் இருந்த ஆவர்த்தன அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஆசிரியை அனுபவசாலி. அம்மாவைச் சற்று வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, “சாயங்காலம் எத்தனை மணிக்குப் படிக்க உட்காருவே?” என்று மட்டும் கேட்டார். பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள். ஏழு மணிக்கு உட்காருவாள். ஏழரை மணிக்கு ஃபைனான்ஸ்காரர்கள் வருவார்கள். வாசலில் நின்று சத்தம் போடுவார்கள். அப்பா பின்பக்கமாகப் போய்விடுவார். அம்மா கடையிலிருந்து ஒன்பதரைக்குத்தான் வருவார். அதுவரை கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, லைட்டை அணைத்துவிட்டு, தம்பியைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வது இவள் வேலை. அப்பாவின் வண்டி சர்வீஸுக்குப் போயிருப்பதாக வீட்டில் சொல்லியிருந்தார்கள். வண்டியைத் தூக்கிக்கொண்டு போனதை இவள் மாடியிலிருந்து பார்த்திருக்கிறாள். “அம்மாகிட்ட ஏம்மா சொல்லலே?” என்றதற்கு, “அம்மா பாவம் டீச்சர். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா இன்னும் அழுவாங்க” என்றாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா, பிள்ளைகளுக்குக் கடன் விஷயம் தெரியாது என்றே நம்பிக்கொண்டிருந்தார். பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்று அம்மா மறைக்க, தனக்குத் தெரியும் என்பது அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று மகள் மறைக்க, இருவருக்கும் நடுவில் அந்தக் கணக்குத் தேர்வு விழுந்துகிடந்தது. இந்த வீட்டில் அன்புக்கு என்ன குறை? இருவரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டார்கள். கஷ்டத்தைப் பிள்ளையின் தலையில் இறக்கி வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. “கடன் இருக்கிறது, பெரியவங்க நாங்க பார்த்துக்கிறோம், அவங்க வந்தா நீ பக்கத்து வீட்டுக்குப் போயிடு” என்ற மூன்று வரி போதும். அந்த மூன்று வரி இல்லாத இடத்தில் பிள்ளை தன் கற்பனையை நிரப்பிக்கொள்கிறது. பிள்ளையின் கற்பனை எப்போதுமே உண்மையைவிட இருட்டானது.

அப்பாவும் அம்மாவும்

பெற்றோர் - பிள்ளை உறவு என்று பேசும்போது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இடையிலான உறவை விட்டுவிட முடியாது. “உங்கப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு எடுத்து வெச்சிருக்குன்னு.” “உங்கம்மாகிட்ட கேளு, சாவி எங்கேன்னு.” இரண்டடி தூரத்தில் நிற்கும் இருவருக்கும் நடுவே தூது போகும் பிள்ளைகள் தமிழ்நாட்டில் எத்தனை ஆயிரம்! யாராவது ஒருவர் பக்கம் நிற்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கும் பிள்ளை, எந்தப் பக்கம் நின்றாலும் மற்றவருக்குத் துரோகம் செய்வதாகவே உணர்கிறது. அமெரிக்க உளவியலாளர் மார்க் கம்மிங்ஸ் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தவர். பெற்றோர் சண்டை போடுவதைவிட, சண்டை எப்படி முடிகிறது என்பதுதான் பிள்ளையை அதிகம் பாதிக்கிறது என்பது அவருடைய ஆய்வுகளின் சாரம். சண்டை போட்டவர்கள் சமாதானம் ஆவதைக் கண்ணால் பார்க்கும் பிள்ளையின் பதற்றம் வெகுவாகக் குறைகிறது. நம் வீடுகளில் நடப்பது நேர்மாறு. சண்டை கூடத்தில் நடக்கிறது. சமாதானம் பிள்ளைகள் தூங்கிய பிறகு, கதவுக்குப் பின்னால் நடக்கிறது. பிள்ளைக்குக் கிடைப்பது பாதிக் கதை.

குடி இருக்கும் வீட்டில் அந்தப் பாதிக் கதைகூட இல்லை. மாநிலத்தில் மதுச் சில்லறை விற்பனை 2003 முதல் அரசின் டாஸ்மாக் கையில் இருக்கிறது. அந்த வருவாய்க் கணக்கு ஆண்டுதோறும் சட்டமன்றத்துக்கு வருகிறது. ராத்திரி பத்து மணிக்கு வாசலில் வண்டி நிற்கும் ஓசையை வைத்தே, செருப்பைக் கழற்றும் விதத்தை வைத்தே அப்பாவின் போதை அளவைக் கணக்கிடப் பழகிய பிள்ளைகளின் கணக்கு எந்த அவைக்கும் வருவதில்லை. அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் அண்டா ஆகிய மருத்துவர்கள் 1998இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, வீட்டில் வன்முறை, குடி, புறக்கணிப்பு போன்றவற்றைச் சிறுவயதில் எத்தனை வகையாக ஒருவர் சந்தித்தாரோ அந்த அளவுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் இதய நோயும்கூட அதிகரிப்பதைக் காட்டியது. பத்து மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கும் பிள்ளையின் உடம்பு, நாற்பது வயதிலும் அந்த வண்டிச் சத்தத்தை மறப்பதில்லை.

பெற்றோரின் மனநலமும் இதில் அடக்கம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மிர்னா வைஸ்மன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பெரும் நம்பிக்கை தருவது. மனச்சோர்வு இருந்த தாய்மார்களுக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். தாய் குணமான வீடுகளில் பிள்ளைகளின் மனநல அறிகுறிகளும் குறைந்தன. மருந்து சாப்பிட்டது தாய், தேறியது பிள்ளையும்தான். “எனக்கென்ன, பிள்ளைகள் நல்லா இருந்தாப் போதும்” என்று தன் தூக்கமின்மையை, அழுகையை, முட்டிவலியைப் போலப் பொறுத்துக்கொண்டு போகும் அம்மாக்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

கண்டிப்பு வேண்டாமா?

இவ்வளவும் படித்துவிட்டு, “அப்படியானால் பிள்ளைகளைக் கண்டிக்கவே கூடாதா? எங்களை அடித்து வளர்க்கவில்லையா, நாங்கள் என்ன கெட்டா போனோம்?” என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. கலிஃபோர்னியாவில் டயானா பாம்ரிண்ட் 1960களில் தொடங்கிவைத்த ஆய்வு மரபு இதற்குத்தான் விடை தேடியது. விதி மட்டும் உண்டு, அன்பு வெளிப்படுவதில்லை. அன்பு மட்டும் உண்டு, விதியே கிடையாது. இரண்டும் உண்டு, விதிக்கான காரணத்தையும் பிள்ளையோடு பேசுவார்கள் என்று வீடுகளை அவர் வகைப்படுத்தினார். மூன்றாவது வகை வீட்டுப் பிள்ளைகளே நிதானமாகவும் தன்னம்பிக்கையோடும் வளர்கிறார்கள் என்பதைப் பிறகு வந்த ஏராளமான ஆய்வுகளும் உறுதிப்படுத்தின. ஆகவே ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் கூடத்தில் இருக்க வேண்டும் என்று விதி போடுவதில் தவறே இல்லை. அந்த விதி அப்பாவின் போனுக்கும் பொருந்த வேண்டும்.

தூக்கத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். 13 முதல் 18 வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. அந்த வயதில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பே தாமதமாகத்தான் தொடங்குகிறது. பதினொரு மணிக்குத் தூங்கும் பிள்ளையை நான்கு மணிக்குத் தண்ணீர் தெளித்து எழுப்புவது நம் ஊரில் நல்ல வளர்ப்பின் அடையாளம். நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளைத் தேடிப் பெற்றோர் படையெடுத்த காலத்தில் இதுவே அவற்றின் விளம்பரமாகவும் இருந்தது. பிராய்லர் பள்ளி என்று மக்களே பெயர் வைத்தார்கள். வைத்துவிட்டு வரிசையிலும் நின்றார்கள். தூக்கம் கெட்ட மனதில் சோர்வும் பதற்றமும் எளிதாகக் குடியேறும். மதிப்பெண்ணுக்காகப் பறித்த தூக்கம் மதிப்பெண்ணையும் சேர்த்தே பறிக்கிறது.

சரி, பிள்ளை வந்து சொல்லும்போது என்ன செய்வது? முதல் ஐந்து நிமிடம் அறிவுரை சொல்லாமல் இருப்பதே பெரிய வேலை. “இதுக்குப் போயா?” என்று சிறிதாக்காமல், “ஐயோ போச்சே” என்று பெரிதாக்காமல், “சொன்னது நல்லதாப் போச்சு, அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்கும் அப்பா கிடைத்தால் பாதி பாரம் அங்கேயே இறங்கும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால் காப்பாற்ற வேண்டும்; உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், “இதை டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும், நானும் கூட வரேன்” என்று பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் அந்த வாக்கை மீற வேண்டும். “செத்துப்போயிடலாம்னு தோணுதா?” என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலரும் அஞ்சுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்று ஆய்வுகள் தெளிவாகச் சொல்கின்றன. கேட்கப்பட்ட பிள்ளைக்கு ஆசுவாசம்தான் ஏற்படுகிறது. உடனடி உதவிக்கு 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். தமிழக அரசின் 104 சேவையும் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டு; காசு கிடையாது. ‘பைத்தியக்கார டாக்டர்’ என்ற பேச்சுக்கு அஞ்சி இழுத்தடிக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குத்தான் நஷ்டம்.

நேற்றுவரை கத்திவிட்டோம், இனி என்ன செய்ய என்று நினைக்கும் பெற்றோருக்கும் வழி அடைபடவில்லை. “நேத்து நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது” என்று பதினைந்து வயதுப் பிள்ளையிடம் ஓர் அப்பா சொல்வது நம் குடும்பங்களில் அபூர்வம். சொன்னால் மரியாதை போய்விடும் என்ற பயம். தவறு செய்தால் ஒப்புக்கொள்ளலாம், உலகம் இடிந்துவிடாது என்பதை அந்தப் பிள்ளை வேறு எங்கே கற்றுக்கொள்ளும்?

அரசு செய்ய வேண்டிய வேலை

இது வீட்டோடு முடிகிற காரியமும் அல்ல. இரண்டு ஷிஃப்ட் பார்க்கும் அம்மாவிடமும், திருப்பூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு வாரம் ஒரு முறை வீடியோ காலில் வரும் அப்பாவிடமும் “பிள்ளையோடு தரமான நேரம் செலவிடுங்கள்” என்று உபதேசிப்பது எளிது. அந்த நேரத்தை அவர்களிடமிருந்து பிடுங்கியது யார் என்பதையும் பேச வேண்டும். அரசு நினைத்தால் அழுத்தம் குறையும் என்பதற்கு இங்கேயே சான்று உண்டு. பிளஸ் டூவில் தோற்றவர்கள் ஓராண்டு காத்திருக்காமல் அதே ஆண்டில் மறுபடி எழுத வழிசெய்த துணைத் தேர்வு அப்படியொரு முடிவு. சென்னையில் 1986இல் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தை நிறுவிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார் போன்றவர்கள் அதற்காக விடாமல் குரல் கொடுத்தார்கள். 2017இல் பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலை வெளியிடும் வழக்கத்தைத் தமிழக அரசு கைவிட்டது இன்னொன்று. மே மாதக் காலையில் முதலிடம் பிடித்தவருக்கு லட்டு ஊட்டும் படம் நாளிதழ்களிலிருந்து மறைந்ததால் யாருக்கும் எந்த நஷ்டமும் வந்துவிடவில்லை.

உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் மாணவர் மனநலம் குறித்து நாடு முழுவதற்கும் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் நிறுவனங்களில் பயிற்சி பெற்ற ஆலோசகர் வேண்டும் என்றது. மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களைப் பிரித்து உட்கார வைக்கக் கூடாது என்றது. பெற்றோருக்கும் விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் நடத்த வேண்டும் என்றது. இந்த மூன்றாவது பகுதிதான் காகிதத்திலேயே நின்றுவிடும் ஆபத்து அதிகம். ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது; பெற்றோரே அதில் பெரும்பான்மை. கழிப்பறை, சுற்றுச்சுவர், இடைநின்ற மாணவர் என்று பேசும் அந்தக் கூட்டத்தில், இந்த மாதம் எந்தெந்தப் பிள்ளை திடீரென்று அமைதியாகிவிட்டது என்பதையும், பெயர் வெளியே போகாத வகையில், ஆலோசகரின் கவனத்துக்குக் கொண்டுசெல்ல ஒரு வழி வைக்கலாம். மதிப்பெண் வாசிக்கும் பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணுக்கு முன்னால் ஐந்து நிமிடம் பிள்ளையைப் பற்றி மட்டும் பேசலாம். கூட்டத்தை வேலை நாளில் காலை பத்து மணிக்கு வைத்தால் வர முடிகிறவர்கள் யார் என்பதும் பள்ளிகளுக்குத் தெரியும். அந்த ஜவுளிக் கடை அம்மாவுக்கு அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள். அப்பா வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வைக்கலாம். ஆசிரியர்களுக்கு அதற்கு ஈடாக ஒரு நாள் விடுப்பு கொடுத்து, வருகிற கல்வியாண்டிலிருந்தே தொடங்கலாம். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடோ புதுச் சட்டமோ தேவையில்லை, கல்வித் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.